மனமும் உடலும்: உளவியலின் தத்துவ வேர்களைச் சேலத்தில் இருந்தபடி படிக்கும் முறை

உளவியல் பாடத்தின் தொடக்கத்தில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டேக்கார்ட், லாக், கான்ட், வுண்ட் என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வாதத்தின் பெயரும் ஓர் ஆண்டும் இருக்கும். சேலத்தில் உளவியல் பயிலும் மாணவர்களோடு இந்தப் பகுதியைப் படித்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களிடம் தேர்வுக்குப் பின் எதுவும் தங்குவதில்லை. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் பெரும்பாலும் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள் என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துக்காட்டாததே அதற்குக் காரணம். எண்ணமும் வலியும் விருப்பமும் உடலின் செயல்களா, உடலுக்குள் இருந்து அதை ஆளும் வேறொன்றின் செயல்களா, வேறொன்று என்றால் இரண்டும் எப்படி ஒன்றையொன்று தொடுகின்றன என்பதே அந்தச் சிக்கல். கல்லூரி மாணவர்கள், தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள், மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர், சைவ சித்தாந்த வகுப்புகளுக்குச் செல்பவர்கள் ஆகிய எல்லாருக்கும் பயன்படும் வகையில் ஒரு படிப்பு முறையை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு சிந்தனையாளருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் இரண்டே கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இவர் பிரிக்கும் கோட்டை எங்கே போடுகிறார்? கோட்டின் இருபுறமும் உள்ளவை ஒன்றையொன்று பாதிப்பதை எப்படி விளக்குகிறார்? கோடே போடாதவராயின், நமக்கு இரண்டாகத் தோன்றுவது ஏன் என்பதற்கு அவர் தரும் விளக்கத்தை எழுதுங்கள். ‘இருமைவாதி’ (மனமும் உடலும் இருவேறு பொருள்கள் என்பவர்), ‘பொருள்முதல்வாதி’ (இருப்பது பருப்பொருள் மட்டுமே என்பவர்) என்ற அடைமொழிகளைப் பக்கத்தின் மேற்புறத்தில் எழுதாதீர்கள். இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதி முடித்தபின், தேவையென்றால் அடியில் எழுதிக்கொள்ளலாம்.

கையில் ஒரு நிகழ்வை வைத்துக்கொள்ளுங்கள்

பொதுவாகப் பேசும்போது இந்தச் சிக்கல் நழுவிவிடும். ஆகவே எல்லாச் சிந்தனையாளரிடமும் எடுத்துச் செல்வதற்கு ஒரே நிகழ்வைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நான் பரிந்துரைப்பது வலி. பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் உயிரோடு இருந்தபோது வெளிவராத, மனித உடலைப் பற்றிய அவருடைய நூல் 1662இல் லத்தீன் மொழியில் அச்சானது. அந்த நூலில் நெருப்பின் அருகே காலை நீட்டியிருக்கும் ஒரு சிறுவனின் படம் உண்டு. நெருப்பின் துகள்கள் தோலை அசைக்க, அந்த அசைவு உடலுக்குள் ஒரு நுண்ணிய இழையை இழுக்க, அந்த இழுப்பு மூளையில் ஒரு துளையைத் திறக்க, கால் பின்வாங்குகிறது என்பது அவருடைய விளக்கம். ஆடி மாதத்தில் சேலத்து மாரியம்மன் கோயில்களில் தீமிதியையும் அலகு குத்துதலையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் படம் உடனே ஒரு கேள்வியை எழுப்புகிறது. கயிற்றை இழுத்தால் மணி அடிப்பதைப் போல, அந்த இழை இழுபட்டதும் வலி எழுந்தே தீர வேண்டும் என்றால், கன்னத்தில் வேல் பாய்ந்த ஒருவர் வலி இல்லை என்று சொல்வது எப்படி?

இங்கே அவசரம் கூடாது. தீமிதியை மட்டும் எடுத்துக்கொண்டால், கரித்தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் என்பதும் பாதம் அதன்மேல் படும் நேரம் மிகக் குறைவு என்பதும் விளக்கத்தில் பெரும் பங்கு வகிக்கின்றன. அலகு குத்துதலில் தோலும் தசையும் உண்மையிலேயே துளைக்கப்படுவதால் அதுவே நம் கேள்விக்குப் பொருத்தமான நிகழ்வு. இதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்றை டேக்கார்டே 1641இல் வெளிவந்த தம் ‘தியானங்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் குறிப்பிடுகிறார்: கையோ காலோ துண்டிக்கப்பட்டவர்கள், இல்லாத உறுப்பில் வலியை உணர்கிறார்கள். காயம் இருந்தும் வலி இல்லாத நிலை, உறுப்பே இல்லாமல் வலி இருக்கும் நிலை ஆகிய இரண்டையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இனி வரும் ஒவ்வொருவரையும் இந்த இரண்டைக் கொண்டே சோதிக்கப் போகிறோம்.

எலிசபெத்தின் கடிதத்திலிருந்து தொடங்குங்கள்

பாடநூல்கள் கிரேக்கத்திலிருந்து தொடங்குகின்றன. நான் 1643ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அரசை இழந்து ஹாலந்தில் அடைக்கலம் புகுந்த குடும்பத்தைச் சேர்ந்த பொஹிமிய இளவரசி எலிசபெத், அப்போது இருபத்து நான்கு வயதுப் பெண், டேக்கார்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு பொருளை அசைக்க வேண்டுமானால் ஒன்று அதைத் தள்ள வேண்டும், அல்லது அதைத் தொட வேண்டும். தொடுவதற்குப் பரப்பு வேண்டும். நீங்களோ ஆன்மாவுக்குப் பரப்பே கிடையாது, அது சிந்திப்பது மட்டுமே என்கிறீர்கள். அப்படியானால் அது உடலை எப்படி அசைக்கிறது? இதுதான் அவர் கேட்டதன் சாரம். மனம்–உடல் பற்றிய விவாதத்தில் இதைவிடத் தெளிவான கேள்வியை வேறு யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் பல பாடநூல்களில் அவருடைய பெயர்கூட இடம்பெறுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

டேக்கார்டின் மறுமொழியை இரண்டு பகுதிகளாகப் படியுங்கள். முதல் கடிதத்தில், ஆன்மா, உடல், இரண்டின் சேர்க்கை ஆகிய மூன்றும் தனித்தனியான அடிப்படைக் கருத்துகள் என்றும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்க முயல்வதே குழப்பத்துக்குக் காரணம் என்றும் சொல்கிறார். அடுத்த கடிதத்தில், அந்தச் சேர்க்கையைத் தத்துவ ஆராய்ச்சியால் அறிய முடியாது, அன்றாட வாழ்விலும் உரையாடலிலும் புலன்களின் வழியாகவே அது தெளிவாக அறியப்படுகிறது என்கிறார். எலிசபெத் இந்த மறுமொழிகளை ஏற்கவில்லை. பொருளல்லாத ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புவதைவிட, ஆன்மாவுக்கே பொருள்தன்மையும் பரப்பும் உண்டு என்று ஒப்புவது எனக்கு எளிது என்று முதல் மறுமொழியைப் படித்தபோதே எழுதியிருந்தார். இந்த உரையாடல் வளர்ந்துதான் 1649இல் உணர்ச்சிகளைப் பற்றிய டேக்கார்டின் கடைசி நூலாயிற்று. மூளையின் நடுவே உள்ள கூம்புச் சுரப்பியை ஆன்மாவின் முதன்மையான செயலிடமாக அவர் அதில் குறிப்பிடுகிறார். மூளையின் மற்றப் பகுதிகள் இரட்டையாக இருக்க, இது மட்டும் ஒன்றாக இருக்கிறது என்பது அவர் காட்டிய காரணம். சந்திக்கும் இடம் எது என்று சொல்லிவிட்டார். சந்திப்பு எப்படி நிகழ்கிறது என்ற எலிசபெத்தின் கேள்வி அப்படியே நிற்கிறது. குறிப்பேட்டில் இந்த வேறுபாட்டை அடிக்கோடிட்டு வையுங்கள், ஏனெனில் இன்றைய மூளைப் படங்களைப் பார்க்கும்போதும் இதே வேறுபாடு தேவைப்படும்.

இதன்பின் மற்ற ஐரோப்பியர்களை விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் ஒவ்வொருவரும் எலிசபெத்துக்கு ஒரு விடை சொல்வதாகவே படிக்க முடியும். இரண்டும் தொடுவதே இல்லை, ஒவ்வொரு முறையும் இறைவனே இணைத்து வைக்கிறான் என்றார் மாலபிரான்ஷ். இறைவன் தொடக்கத்திலேயே இரண்டையும் ஒத்திசையும்படி படைத்துவிட்டான் என்றார் லைப்னிட்ஸ். இருப்பது ஒரே பொருள், சிந்தனையும் பரப்பும் அதன் இரு முகங்கள் என்றார் ஸ்பினோசா. அவர் இறந்த 1677ஆம் ஆண்டிலேயே அவருடைய ‘அறவியல்’ வெளிவந்தது. பின்னோக்கிச் சென்றால், கண் ஒரு விலங்காக இருந்தால் பார்வையே அதன் ஆன்மாவாக இருக்கும் என்ற அரிஸ்டாட்டில், எலிசபெத்தின் கேள்வி எழவே இடமில்லாத ஓர் உலகில் நிற்பதைக் காணலாம்: பார்வை கண்ணை எப்படித் தொடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. லாக், ஹியூம் இருவரையும் அறிவு எங்கிருந்து வருகிறது என்ற வேறொரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களை இந்தப் பக்கத்தில் திணிப்பது குழப்பத்தையே தரும்.

நம் நூல்களை அதே கேள்விகளோடு அணுகுங்கள்

தமிழ் மாணவர்கள் பெரிதும் தவறவிடும் பகுதி இது என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். நம் நூல்களைப் பெருமைக்காக மேற்கோள் காட்டுவது ஒன்று, டேக்கார்டிடம் கேட்ட அதே கேள்விகளை அவற்றிடமும் கேட்பது மற்றொன்று. நான் சொல்வது இரண்டாவதை.

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கிறாள். அவர்களுள் பூதவாதி (நிலம், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்பவன்), ஆத்திப்பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கூடிய இடத்தில் கள்ளின் களிப்புப் பிறப்பதைப் போலப் பூதங்கள் கூடிய இடத்தில் உணர்வு தோன்றும் என்கிறான். அந்தப் பூதங்கள் பிரியும்போது உணர்வும் பறையோசைபோலக் கெடும். கூறுகள் தனித்தனியே பெற்றிராத பண்பு சேர்க்கையில் எழும் என்ற இந்தக் கருத்தை இன்றைய தத்துவத் துறையினரும் விவாதித்துவருகிறார்கள். நேரில் காணும் காட்சி ஒன்றையே ஏற்பேன், அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்ற அவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என்று மணிமேகலை கேட்பதையும் விடாமல் படியுங்கள்.

அடுத்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞான போதத்தின் மூன்றாம் நூற்பா. ஆன்மா உண்டு என்பதற்கு அது அடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுங்கள். இது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றையும் மறுத்துச் செல்லும்போது மறுப்பதாகிய ஒன்று எஞ்சுகிறது. எனது உடல் என்று சொல்லும்போது உடலைத் தனதாகக் கொள்ளும் ஒன்று தெரிகிறது. ஐந்து புலன்களும் தத்தம் விடயத்தை மட்டுமே அறிய, ஐந்தையும் அறியும் ஒன்று இருக்கிறது. புலன்கள் ஒடுங்கிய கனவிலும் அறிவு நிகழ்கிறது. உறக்கத்தில் மூச்சு ஓடினாலும் உண்டலும் வினையும் இல்லை, ஆகவே மூச்சே ஆன்மா ஆகாது. அறிவித்தால்தான் அறிகிறது, ஆகவே அது இறைவனும் அன்று. இவ்வளவும் சொல்லி, உடலை ‘மாயா இயந்திர தனு’, அதாவது மாயையால் ஆன இயந்திரமாகிய உடல், என்கிறது நூற்பா. முதல் காரணம், எல்லாவற்றையும் ஐயுற்றாலும் ஐயுறும் ஒன்று எஞ்சும் என்ற டேக்கார்டின் வாதத்தையும், உடலை இயந்திரம் என்றது அவருடைய உடலியலையும் நினைவூட்டும். இந்த ஒப்புமையில் மயங்கி இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடுவது எளிது, அப்படி எழுதாதீர்கள்.

ஏனென்றால் நான்காம் நூற்பாவில் கோடு வேறிடத்தில் விழுகிறது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற அந்தக்கரணங்களுள் (அகக் கருவிகளுள்) எதுவும் ஆன்மா அன்று. அரசன் அமைச்சரோடு கூடி ஆள்வதுபோல ஆன்மா அவற்றோடு கூடி அறிகிறது. அந்தக்கரணங்கள் உலகின் மூலப்பொருளாகிய மாயையிலிருந்து தோன்றியவை, ஆகவே அறிவற்ற சடப்பொருள்கள். டேக்கார்ட் மனத்தை ஒருபுறமும் உடலை மறுபுறமும் நிறுத்தினார்; சைவ சித்தாந்தம் மனத்தையும் உடலையும் ஒரே புறத்தில் நிறுத்தி, அறியும் ஆன்மாவை மறுபுறத்தில் நிறுத்துகிறது. இதனால் கவலை எப்படி இரைப்பையைப் பாதிக்கிறது, பயம் எப்படிக் கையை நடுங்கச் செய்கிறது என்பவை சித்தாந்தத்துக்குப் பெரிய புதிர்கள் ஆவதில்லை. ஆனால் எலிசபெத்தின் கேள்வி மறைந்துவிடவில்லை, ஒரு படி மேலே நகர்ந்திருக்கிறது: சடமாகிய கருவிகளோடு, சித்தாகிய (அறிவுடைய) ஆன்மா கூடுவது எப்படி? சித்தாந்தம் அதற்கு, ஆன்மாவைப் பிணித்திருக்கும் மலத்தையும் இறைவனின் அருளையும் கொண்டு விடை தருகிறது. அந்த விடையை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் ஆய்வுக்கு உரியது. கேள்வி எங்கே நகர்ந்தது என்று காட்டுவதே படிப்பாளியின் முதல் வேலை; அதைச் செய்து முடித்தபின், விருப்பமுள்ளவர்கள், உடலுக்கு வேறாக ஆன்மா இல்லை என்னும் உலகாயதத்தை விரிவாக மறுக்கும் சிவஞான சித்தியார் பரபக்கத்துக்குச் செல்லலாம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை மூன்றாவதாக எடுத்துக்கொள்ளுங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டும் உள்ளத்தில் நிகழ்ந்து உடலில் புலப்படுபவை. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கு நிலைக்களங்களைத் தொல்காப்பியர் சொல்கிறார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பாதையில் மாலை நேரத்தில் காட்டெருமையை எதிர்ப்பட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். அஞ்சியதால் அவர் உடல் நடுங்கியதா, உடல் நடுங்கியதை உணர்ந்ததே அச்சமா? 1884இல் வில்லியம் ஜேம்ஸ், கரடியைக் கண்டவரை வைத்து, இரண்டாவதே சரி என்று வாதிட்டார். 1927இல் வால்டர் கேனன் அதை மறுத்து, வேறுவேறு உணர்ச்சிகளிலும் உள்ளுறுப்புகளின் மாற்றங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கின்றன என்று சுட்டிக்காட்டினார். மெய்ப்பாட்டியல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று உங்கள் குழுவில் விவாதியுங்கள். என் கருத்தில் அது காரணத்தின் திசையைப் பற்றிப் பேசவில்லை, ஒருவரின் உள்ளத்தை மற்றவர் அறிவது எவ்வாறு என்பதைப் பற்றியே பேசுகிறது.

அளவையும் செய்து பாருங்கள்

1786இல் கான்ட், அகத்தைப் பற்றிய ஆய்வில் கணிதத்தைப் பயன்படுத்த முடியாது, ஆகவே அது முறையான அறிவியல் ஆகாது என்று எழுதினார். உளவியல் ஆய்வகம் பிறந்த கதை இந்தத் தடையை மூவர் கடந்த கதை. அதை வாசிப்பதோடு நிறுத்தாமல் கையால் செய்து பார்க்க வேண்டும்.

எர்ன்ஸ்ட் வெபர் 1834இல் வெளியிட்ட சோதனைக்கு நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும் ஜவ்வரிசியே போதும். ஒரே அளவும் ஒரே வடிவும் கொண்ட மூடிய டப்பாக்களில் 200, 202, 204, 206, 208, 210 கிராம் வரும்படி நிரப்புங்கள். டப்பாவின் எடையும் இதில் அடங்க வேண்டும். உள்ளே உருண்டு ஓசை எழாதபடி மேலே துணியை அழுத்தி வையுங்கள். கண்ணை மூடிய ஒருவரின் ஒரே கையில் 200 கிராம் டப்பாவையும் மற்றொன்றையும் மாற்றி மாற்றி வைத்து, எது கனம் என்று கேளுங்கள். குருட்டு ஊகத்திலேயே பாதி சரியாகிவிடும் என்பதால், பத்தில் எட்டு முறையாவது சரியாகச் சொல்லும் வேறுபாட்டையே கணக்கில் கொள்ளுங்கள். பிறகு 400 கிராமிலிருந்து நான்கு நான்கு கிராமாகக் கூட்டி அதையே செய்யுங்கள். எடை இரட்டிப்பானால் உணரத்தக்க வேறுபாடும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெபர் கண்ட விகிதம் நாற்பதில் ஒரு பங்கு அளவில் இருந்தது. பழக்கமில்லாத கைகளுக்கு அது இன்னும் பெரிதாக வரலாம், அதற்கேற்ப டப்பாக்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். விகிதம் மாறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம்.

ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் சோதனைக்கு இருபது பேர் வேண்டும். நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் யோஹன்னஸ் மூல்லர் கருதியிருந்தார். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அளந்து, அது நொடிக்குச் சுமார் 30 மீட்டர் அளவிலேயே இருப்பதைக் காட்டினார். எல்லாரும் வரிசையாகத் தரையில் அமர்ந்து, ஒவ்வொருவரும் அடுத்தவரின் கணுக்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தன் காலில் அழுத்தம் பட்டதும் அடுத்தவரின் காலை அழுத்த வேண்டும். வரிசை முடிய ஆகும் நேரத்தை அலைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் குறித்து, நேரம் நிலைப்படும்வரை பலமுறை செய்யுங்கள். பிறகு கணுக்காலுக்குப் பதிலாகத் தோளைப் பிடித்துச் செய்யுங்கள். இரண்டு நேரங்களின் வேறுபாட்டை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால், தோளைவிடக் கால் மூளையிலிருந்து எவ்வளவு தொலைவோ அவ்வளவு தூரத்துக்கான நேரம் கிடைக்கும். அலகு குத்தும் கணத்துக்கும் அதை உணரும் கணத்துக்கும் இடையே அளக்கத்தக்க இடைவெளி உண்டு என்பதை இது காட்டும்.

இதன் பிறகே ஃபெக்னரைப் படியுங்கள். இயற்பியல் பேராசிரியராக இருந்து, கண்நோயால் நெடுங்காலம் துன்புற்று மீண்ட அவருக்கு, உடலின் ஆற்றலுக்கும் மன உணர்வுக்கும் உள்ள தொடர்பைக் கணித வாய்பாடாக எழுதலாம் என்ற எண்ணம் 1850 அக்டோபர் 22 காலையில் தோன்றியது. தூண்டல் மடங்கு மடங்காகப் பெருகும்போது உணர்வு படிப்படியாகவே ஏறும் என்பது 1860இல் வெளிவந்த அவருடைய நூலின் மையம். அவர் அளக்கப் புறப்பட்டது ஒரு தத்துவத்துக்காக: மனமும் பருப்பொருளும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்று நிறுவ விரும்பினார். ஸ்பினோசாவின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் உறவு விளங்கும். அந்த வாய்பாடு பயன்பட்டது. அதற்குப் பின்னிருந்த தத்துவத்தை ஏற்காதவர்களும் அதைப் பயன்படுத்தினார்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் உதவியாளராக இருந்த வுண்ட், 1879இல் லைப்சிக்கில் ஆய்வகத்தைத் தொடங்கியபோது அவர் வகித்தது தத்துவப் பேராசிரியர் பதவி. மன நிகழ்வுகளும் உடல் நிகழ்வுகளும் இணையாகச் செல்கின்றன என்று வைத்துக்கொண்டு அவர் அளவைத் தொடர்ந்தார். எலிசபெத்துக்கு விடை சொல்லாமலே வேலையைத் தொடங்க முடியும் என்று கண்டுகொண்டதால்தான் உளவியல் தனித்துறையாக நிற்க முடிந்தது என்பது என் முடிவு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916 வாக்கில் நரேந்திர நாத் சென்குப்தாவின் பொறுப்பில் உருவான ஆய்வகம் அந்த மரபையே இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

குழுவாகப் படிப்பதற்குச் சில குறிப்புகள்

நான்கைந்து பேர் போதும். நரம்புச் சோதனைக்கு மட்டும் வகுப்புத் தோழர்களை அழைத்துக்கொள்ளலாம். டேக்கார்ட்–எலிசபெத் கடிதங்களின் ஆங்கில வடிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மணிமேகலையும் சிவஞான போதமும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இலவசமாக இருக்கின்றன. ஒரு கூட்டத்தில் ஒரு கடிதம் அல்லது ஒரு நூற்பாவுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் தம் சொந்தத் தமிழில் அதைச் சொல்ல, மூன்றாமவர் எலிசபெத்தாக இருந்து கேள்வி கேட்கட்டும். கேள்வி கேட்பவரை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். கோடை விடுமுறையில் இயன்றவர்கள் ஏற்காட்டில் ஒருநாள் முழுவதும் அமர்ந்து நான்காம் நூற்பாவை மட்டும் படிக்கலாம். அதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படும்.

அலகு குத்திக்கொண்டவர்களிடம் அனுபவத்தைக் கேட்டறிய விரும்புவோர், விரதம் முடிந்து சில நாள் கழித்து, அவர்களுடைய ஒப்புதலோடு கேளுங்கள். வலித்ததா என்று மட்டும் கேட்காமல், அந்த நேரத்தில் எதன்மேல் கவனம் இருந்தது, முன்பே அச்சம் இருந்ததா, பின்னர் எப்போது உணர்ந்தார் என்று கேளுங்கள். அவர்கள் அருள் என்று சொல்வதை அருள் என்றே எழுதுங்கள். உங்கள் விளக்கத்தை அடுத்த பத்தியில், உங்களுடையது என்று தெரியும்படி எழுதுங்கள்.

இந்த விடைகளோடு இரண்டு நவீன ஆய்வுகளுக்குச் செல்லலாம். 1965இல் வலி ஆய்வாளர்களான மெல்சாக்கும் வாலும், காயத்தின் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடக்க வேண்டும் என்றும், மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் அந்த வாயிலை அடைக்கவோ திறக்கவோ முடியும் என்றும் முன்மொழிந்தார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்திய ஒரு பெட்டியில், இழக்காத கையின் பிம்பத்தைக் காட்டி, இழந்த கையின் வலி சிலருக்குக் குறைவதைக் கண்டார். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிய இரு நிகழ்வுகளையும் எடுத்து, இந்த ஆய்வுகள் அவற்றில் எதை விளக்குகின்றன, வலியின் செய்தி வலியாக உணரப்படுவது ஏன் என்பதை எங்கே விட்டுவிடுகின்றன என்று தனித்தனியே எழுதுங்கள். அதன்பின் 1974இல் தாமஸ் நேகல் வௌவாலாக இருப்பது எத்தகையது என்று கேட்டு எழுதிய கட்டுரையையும், 1995இல் டேவிட் சால்மர்ஸ் உணர்வைப் பற்றி எழுதிய கட்டுரையையும் அதே இரண்டு கேள்விகளோடு படிக்கத் தொடங்கலாம்.